முப்பத்தெட்டு சதவீத ஊர்வலம்

மின்சாரக் கார் வாங்கியவனிடம் முதல் ஆறு மாதத்துக்கு யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. அந்த ஆறு மாதத்தில் நான் செங்கல்பட்டில் பாதிப் பேரின் நட்பை இழந்தேன். பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் கண்ணாடியை இறக்கி அனுதாபமாக ஒரு சிரிப்பு சிரிப்பேன். (அவர்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.) நான் எலக்ட்ரிகல் கடைக்காரன் வேறு. ஸ்விட்சும் ஒயரும் விற்பதால் மின்சாரமே நமக்குப் பங்காளி என்று ஒரு நினைப்பு.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி நஸீமாவின் தம்பி இம்தியாஸுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு கடப்பாக்கம். நிக்காஹ் அங்கேயே, காலை பதினொன்றரைக்கு. ஓதி வைக்கிற ஹஜ்ரத்துக்கு அன்றைக்கே வேறோர் ஊரில் இன்னொரு நிக்காஹ்; ஒரு மணிக்கு மேல் ஒரு நிமிஷமும் நிற்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். குடும்பம் மொத்தமும் வேனில், படாளம், மதுராந்தகம் வழியாகப் போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு மட்டும் வாடகைக் கார் பேசலாம் என்றார்கள்.

"வூட்ல ஒரு காரு நிக்கசொல்ல வாடகைக் காரா?" என்று குதித்தேன். இம்தியாஸ் நல்ல பையன். "மச்சான் கார்லயே வரேன்" என்றான். அதோடு நில்லாமல், தன் பக்கத்துச் சாட்சியாக என் பெயரைத்தான் கொடுத்திருப்பதாகவும் சொன்னான். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, பெருமையில்.

காலையில் பார்த்தால் சார்ஜ் முப்பத்தெட்டு சதவீதம். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பின்னிரவில் ஏற்றினால் பேட்டரிக்கு ஆயுசு கூடும் என்று எவனோ சொன்னதை நம்பி, இரண்டு மணிக்குத் தானாகச் சார்ஜ் ஏறும்படி செயலியில் நேரம் குறித்திருந்தேன். நான் குறித்தது மதியம் இரண்டு மணி.

புத்தியுள்ளவன் அப்போதே வாடகைக் காருக்குப் போன் செய்திருப்பான். நான் கணக்குப் போட்டேன். முழுச் சார்ஜில் முந்நூறு கிலோமீட்டர் என்பது விளம்பரம். (விளம்பரத்தை நம்பிக் கணக்குப் போடுகிறவன் கடை நடத்தினால் உருப்படுமா?) அப்படியென்றால் நூறு கிலோமீட்டர் தாராளமாக ஓடும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாப்பிள்ளை பின்சீட்டில், ஷெர்வானியும் மாலையுமாக. என் பக்கத்தில் நஸீமாவின் தாய்மாமா காதர். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வேன் நேர்வழியில் போக, நான் மட்டும் மாமல்லபுரத்துக்குத் திருப்பினேன். கடலைப் பின்னால் வைத்து, மாப்பிள்ளையும் காருமாக ஒரு போட்டோ எடுக்கவேண்டும் என்பது என் ஆசை. எடுத்த இருபது படங்களிலும் கார் தெளிவாக விழுந்திருந்தது. மாப்பிள்ளைதான் சில படங்களில் பாதியாக இருந்தான். அவனுக்கு வியர்க்கக்கூடாதென்று ஏ.சி. அரை மணி நேரம் நின்றபடியே ஓடியது. திரும்பி உட்கார்ந்தால் பதினேழு சதவீதம்.

அங்கேயே வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒரு சார்ஜர் இருந்தது. அதை மறித்தபடி ஒரு டீசல் கார் நின்றது. ஆளில்லை.

"கோயில் பாக்கப் போய்க்கிறாங்க. வர மத்யானம் ஆவும்" என்றார் சீட்டுக் கொடுக்கும் பெண்.

"இன்னா மருமவனே, கரண்டு இல்லியா?" என்றார் காதர் மாமா.

"கீது மாமா. சும்மா கொஞ்சம் ஏத்திக்கலாம்னு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரிக்காரர்களிடம் இந்தப் பொய் செல்லாது.

அடுத்த சார்ஜர் சதுரங்கப்பட்டினத்தில் ஓர் ஓட்டல் வாசலில் இருப்பதாகப் போன் காட்டியது. போனோம். இருந்தது. அதற்குத் தனிச் செயலி. இறக்கினேன். பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் எல்லாம் கேட்டது. (பெண் வீட்டார்கூட எங்களிடம் இவ்வளவு விசாரிக்கவில்லை.) ஓ.டி.பி. வந்தபோது அதன் காலம் முடிந்திருந்தது. நான்காவது ஓ.டி.பி.யில் செயலி திறந்து, 'சார்ஜர் தயார்' என்றது போன். சார்ஜரோ இருட்டாக நின்றது. அதில் எழுதியிருந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

"எங்க சிஸ்டத்துல ஒர்க்கிங்னு காட்டுது சார்" என்றது ஒரு குரல்.

"எங்க கண்ணுக்குச் செத்துப்போனதா காட்டுதுங்க."

"ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

அதை ஆன் செய்யத்தான் நான் அரை மணி நேரமாக நிற்கிறேன் என்பது அந்தக் குரலுக்குப் புரியவில்லை. ஓட்டல் காவலாளிதான் உண்மையைச் சொன்னார்: "தொறந்த அன்னிக்கு ரிப்பன் வெட்டி போட்டோ புட்ச்சாங்க சார். அப்பால அது எரிஞ்சி நான் பாக்கல."

பாலாற்றுப் பாலத்தில் ஏ.சி.யை நிறுத்தினேன். பாட்டை நிறுத்தினேன். பாலம் தாண்டிச் சிறிது தூரத்தில், வண்டியின் திரையில் ஓர் ஆமைப் படம் தோன்றியது. இனி மெதுவாகத்தான் போவேன் என்று பொருள். அந்த ஆமையும் கொஞ்ச தூரத்தில் காலை நீட்டிவிட்டது. இருபுறமும் சவுக்குத் தோப்பு. மணி பதினொன்று ஐந்து.

சாலையோர உதவிக்குப் போன் செய்தேன். டயர் பஞ்சரா, ஒன்றை அழுத்துங்கள். எரிபொருள் தீர்ந்ததா, இரண்டை அழுத்துங்கள். சார்ஜ் தீர்ந்ததற்கு எண்ணே இல்லை. இரண்டை அழுத்தினேன். வந்த பெண் குரல், நான் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறேனா என்று மூன்று முறை கேட்டது. பக்கத்தில் காதர் மாமா இருக்கும்போது என்ன பதில் சொல்வது?

"பக்கத்துல என்ன சார் அடையாளம்?"

"சவுக்கு மரம்."

"சவுக்கு மரத்துக்கு எதிர்ல சார்?"

"அதுவும் சவுக்கு மரந்தாங்க."

முக்கால் மணி நேரத்தில் மோட்டார் பைக்கில் ஒரு நடுத்தர வயதுக்காரர் வந்து இறங்கினார். கையில் ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன். காரை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"இன்னா சார், டேங்க் மூடி எங்க கீது?"

"இது கரண்ட்ல ஓடற காருங்க."

"அப்ப இன்னாத்துக்கு பெட்ரோல் கேட்டீங்க?"

கேட்கவில்லை என்று விளக்கினேன். அவர் பெருந்தன்மையோடு மன்னித்தார். இழுவை லாரிக்குத் தானே சொல்லிவிடுவதாகவும், ஆனால் வந்த வேலை முடிந்ததாகப் பதிய என் போனுக்கு ஓர் ஓ.டி.பி. வரும் என்றும் சொன்னார். அன்று உடனே வந்த ஒரே ஓ.டி.பி. அதுதான்.

இதற்குள் பெண் வீட்டிலிருந்து ஏழெட்டு போன். நஸீமாவின் போன் மட்டும் தனி ரகம். "எங்க கீறீங்க?" என்றாள். சொன்னேன். "ஹஜ்ரத் செருப்ப மாட்டிகினு வாசல்ல நிக்கறாரு" என்று வைத்துவிட்டாள்.

காதர் மாமா நடுரோட்டுக்குப் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். வந்து நின்றது ஒரு மீன் வண்டி. சந்தையில் மீனை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு கடப்பாக்கம் திரும்புகிற மினி வேன். ஓட்டி வந்தவர் செல்வி என்கிற அக்கா.

"அய்ய, மாப்ளயா? கல்யாணத்த வெச்சிகினு ரோட்ல இன்னா பண்ற நைனா? ஏறு, ஏறு! மாலைய மடியில வெச்சிக்கோ."

இம்தியாஸ் ஏறினான். ஷெர்வானியைப் பார்த்தான், தரையில் உருகிக்கொண்டிருந்த ஐஸைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான். காலையிலிருந்து ஒரு வார்த்தை கடிந்து பேசாதவன், அப்போதும், "மச்சான், நீங்க வரல? சாட்சிக்கு உங்க பேருதான் குட்த்துகீறேன்" என்றான்.

முன்னால் இருந்தது ஓர் இடம். பின்னால் பெட்டிகளுக்கு நடுவே ஓர் இடம். அதில் காதர் மாமா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். "நான் போட்றேன் கையெழுத்து. நீ உன் ஆமைக்குக் காவலிரு" என்றார்.

பன்னிரண்டே முக்காலுக்கு நிக்காஹ் முடிந்ததாகச் செய்தி வந்தது. சவுக்குத் தோப்பில் தனியாக நின்று, இரண்டு கைகளையும் ஏந்தி அவர்களுக்காக துவா செய்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

ஒன்றரைக்கு இழுவை லாரி வந்தது. முன்பக்கம் ஓட்டுநரும் உதவியாளும் சாமான்களுமாக நிறைந்திருந்ததால், மேலே ஏற்றிய காருக்குள்ளேயே என்னை உட்காரச் சொன்னார்கள். கடப்பாக்கத்துக்கு முன்பே இறக்கிவிடுங்கள், நடந்து போகிறேன் என்று கெஞ்சினேன். "நடுவுல நிறுத்தறது பேஜாரு சார், வூட்டு வாசல்லயே எறங்குங்க" என்று உபகாரம் செய்தார் ஓட்டுநர்.

அப்படியாக, விருந்து முடிந்து சம்பந்தி வீட்டார் அனைவரும் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், லாரியின் மேல், காரின் உள்ளே, சீட் பெல்ட் போட்டபடி நான் பந்தலுக்கு எதிரே வந்து நின்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெண்ணின் தகப்பனார் ஓடிப்போய் ஏணி கொண்டுவந்தார். நான் ஏணியில் இறங்குவதைப் பார்த்தபடியே நின்ற நஸீமா, "பிரியாணி ஆறிப்போச்சு" என்றாள்.

வருஷங்கள் ஆகிவிட்டன. இம்தியாஸின் மனைவிக்குக் கோபம் வந்தால், "வந்த மீன் வண்டிலயே ஏத்தி அனுப்பிடுவேன்" என்பாள். அவன் என்னைக் கை காட்டிவிடுவான்.

போன மாதம் என் அண்ணன் மகளுக்கு வரன் கேட்டு மதுராந்தகத்தில் ஒரு வீட்டுக்குப் போன் செய்தேன். பெரியவர் எடுத்தார். பெயர் ரஃபீக் என்றேன். தெரியவில்லை. கடையைச் சொன்னேன். தெரியவில்லை. அத்தாவின் பெயர், தெரு, பள்ளிவாசல் எதைச் சொன்னாலும் "நெனப்பு வரலியேப்பா" என்கிறார். நஸீமா பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வேறு வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கடப்பாக்கம் கல்யாணத்துல லாரி மேல வந்தது நாந்தாங்க."

"அட, நீங்களா! அத மொதல்லயே சொல்றதில்லியா?" என்றார் பெரியவர், மிகுந்த மரியாதையோடு.