மொட்டைக்கு மட்டும் சிவப்பு

"இன்னாம்மா, மறுபடியும் சிவப்பா?" கிஷோர் திருப்பதி விமான நிலையக் கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தான்.

"முடி இருக்கிறவங்களுக்கெல்லாம் பச்சை எரியுது அண்ணா. மொட்டைக்கு மட்டும் சிவப்பு," என்றாள் கவுண்டர் பெண் ஸ்வர்ணலதா. "ஆதார் போட்டோல முடி இருக்குது, ஆளுகிட்ட இல்ல. வேற ஆளுன்னு சொல்லிக்கினே இருக்குது."

முன்பெல்லாம் விமானக் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர். இனி எல்லோருக்கும் பொதுவாக ஒன்றுதான். எந்தக் கவுண்டரிலும் எந்த விமானத்துக்கும் போர்டிங் பாஸ் வாங்கலாம். முகத்தைக் கேமரா சரிபார்க்கும். திருமலையிலிருந்து இறங்கி நேராக விமானம் ஏற வருகிறவர்களைப் பற்றி அந்தக் கேமராவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதையெல்லாம் பொருத்த வந்தவன் கிஷோர். இன்று ஆய்வு. ஆபீசர் சரி என்றால், பக்கத்து ஊரான நகரிக்காரனுக்கு இங்கேயே நிரந்தர வேலை. இல்லையென்றால் மறுபடியும் கௌஹாத்தி. அவன் மனைவி மஞ்சுவோ பெண்ணை அதற்குள் திருப்பதிப் பள்ளியில் சேர்த்துவிட்டிருந்தாள்.

கேமராவின் கண்டிப்பைக் கொஞ்சம் குறைத்தான். பச்சை எரிந்தது.

"அண்ணா, மூணு மொட்டையும் கிருஷ்ணப்பான்னே வருது. மூணு பேருக்கும் ஒரே சீட்டு."

"அது என் சீட்டு," என்றார் அசல் கிருஷ்ணப்பா. "எவனையும் மடியில வச்சுக்க மாட்டேன்."

கிஷோர் தன் கம்பெனித் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் மாட்டினான். பச்சை. அடுத்தவருக்கு மாட்டினான். அதற்கும் பச்சை.

"நிறுத்துங்கண்ணா. உங்க ஸ்டாஃப் போட்டோல இதே தொப்பிதான். இப்ப எல்லாரும் நீங்களா வர்றாங்க."

வரிசையின் கடைசியில் தலை முழுக்கச் சந்தனம் பூசிய ஒருவர் நின்றிருந்தார். "தம்பி, நான் வந்து..."

"உங்களுக்கும் சிவப்புதான் ஐயா. கொஞ்சம் இருங்க."

போன் அடித்தது. மேனேஜர் கோவர்த்தனன். "ஆபீசர் உள்ளயே வந்துட்டாராம்பா. வீடியோ கால்ல பாத்துருக்கேன். தலை நிறைய சுருட்டை முடி. பாத்த உடனே தெரிஞ்சிடும்."

ஆபீசர் கண்ணில் படுவதற்குள் கிஷோர் மொட்டைகளை மொத்தமாக ஓட்டிக்கொண்டு போனான்.

"இது கைக்குழந்தைக்குப் பால் குடுக்குற ரூமுப்பா," என்றார் கிருஷ்ணப்பா.

"இப்ப காலியாத்தான் இருக்குது. அஞ்சே நிமிஷம்."

"தம்பி, நான்..." என்றார் சந்தனக்காரர்.

"அப்புறம் ஐயா." கதவை வெளியே தாழ் போட்டான்.

திரும்பினால், எதிரே சுருட்டை முடி. கிஷோர் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டான். நாற்காலி போட்டான். காபி வந்தது. கேமரா முன்னால் அழைத்துப்போனான். உடனே பச்சை.

"பிரமாதம்," என்றார் அவர்.

"அப்ப கையெழுத்து போட்டுடறீங்களா சார்?"

"எதுல? நான் ஐதராபாத் போறவன்பா. டிக்கெட்டோட காபியும் குடுக்கறீங்கன்னு நெனச்சேன்."

பாலூட்டும் அறைக் கதவு தடதடத்தது. கிஷோர் ஓடிப்போய்த் தாழை நீக்கினான். "ஏம்மா ஸ்வர்ணலதா, அப்ப அந்தச் சுருட்டை முடி ஆபீசர் எங்கதாம்மா போனாரு?"

சந்தனத் தலையைத் தடவிக்கொண்டே முதலில் வெளியே வந்தவர் சொன்னார்: "முடியக் காத்தாலயே மலையில குடுத்துட்டேன் தம்பி. இன்ஸ்பெக்ஷன இந்த ரூம்லருந்தே ஆரம்பிக்கலாமா?"