நிலுவையில் ஒரே ஒரு புகார்

குறையே இல்லாத நகரம் என்று இந்தப் பூமியில் ஒன்று உண்டென்றால், அதைப் படைத்த பெருமை குறைதீர் பிரிவின் எழுத்தரையே சேரும். மூன்றே வாரம் புரோகிராம் எழுதப் படித்த அந்தப் புண்ணியவதி, பதினோரு வரியில் காரியத்தை முடித்துவிட்டாள்.

வாயால் சொல்லும் புகாரைக் கணினியில் தட்டினால் அது ஒரு ஃபைலில் போய் உட்காரும். மாலையில் இன்னொரு புரோகிராம் அதைப் படித்து, நிலுவை எத்தனை என்று சொல்லும். முதல் நாள் 'ஒன்று' என்றது. இரண்டு மாதம் கழித்தும் 'ஒன்று' என்றது. மேலாளர் நெகிழ்ந்துபோய்க் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்.

அந்தக் கேடயத்துக்கு முன்னால்தான் மாடிப்படி அம்மா நான்காவது முறையாக வந்து நின்றார். அரசுக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. படிக்கட்டின் கைப்பிடி பெயர்ந்து விழுந்துவிட்டது. கணவருக்கோ கண் தெரியாது.

"என் புகார் என்னம்மா ஆச்சு?"

எழுத்தர் தேடினாள். ஃபைலில் இருந்தது ஒரே வரி, காலையில் யாரோ சொன்ன தெருவிளக்கு. புரோகிராமைத் திறந்து பார்த்தாள். ஃபைலைத் திறக்கும் வரியில் 'கடைசியில் சேர்' என்னும் 'a' எழுத்துக்குப் பதில் 'புதிதாக எழுது' என்னும் 'w' எழுத்தைப் போட்டிருந்தாள். புரோகிராமும் சொல் தட்டாமல், ஒவ்வொரு புகாருக்கும் முந்தையதைத் துடைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தது.

மேலாளரிடம் ஓடினாள். "தப்பு என்னோடதுதான் சார். ஒரே ஒரு எழுத்தை மாத்தணும். போனது திரும்ப வராது, இனிமே வர்றதாவது நிக்கும்."

"மாத்தினா நிலுவை?"

"ஏறும் சார்."

"நல்லா ஓடிட்டிருக்கிறதுல ஏம்மா கை வைக்கிறீங்க?"

"அந்த அம்மா வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது சார்."

மேலாளர் கல்நெஞ்சக்காரர் அல்லர். "சரி, முறைப்படி செய்வோம். புரோகிராம்ல குறைன்னு ஒரு புகார் குடுங்க. அதே ஃபைல்ல ஏத்துங்க. வரிசைப்படி எடுத்துக்கலாம்."

ஏற்றினாள். அடுத்து வந்த குப்பைத்தொட்டிப் புகார் அதை விழுங்கியது. எழுத்தை மாற்ற அவளுக்கு இரண்டு நொடி போதும், யாரும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கேடயத்தை ஒருமுறை துடைத்து வைத்தாள்.

மறுவாரம் மாடிப்படி அம்மா வந்தார்.

"திங்கக்கிழமை படியில விழுந்தாரும்மா. போய்ச் சேர்ந்துட்டார். இனிமே கைப்பிடி யாருக்கு? புகாரை எடுத்துடுங்க."

எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. "எடுத்துட்டேம்மா" என்றாள் எழுத்தர்.

அன்றைய அறிக்கையை மேலாளரே கைப்பட எழுதினார்: 'புகார்தாரர் தாமாகவே முன்வந்து புகாரைத் திரும்பப் பெற்றார். தீர்க்கப்பட்டவை: ஒன்று.'

கீழே எழுத்தர் கையெழுத்துப் போட்டாள்.