எண்பத்து நான்காம் பக்கத்துப் பலாப்பழம்

"அது நான் சும்மா சொன்னது லா, வாத்தியாரே" என்றாள் மெய்யம்மை.

சேதுராமன் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பல தலைமுறைக்கு முன் குடியேறித் தமிழை மறந்துவிட்ட காஜா பெராங்கின் மலாக்காச் செட்டி வீடுகளில் பேச்செல்லாம் மலாய்தான். அவளும் மலாயில்தான் சொன்னாள். எந்த மொழியில் சொன்னால் என்ன, பொய் பொய்தானே.

தமிழ்ப்பள்ளி ஆசிரியரான சேதுராமன், அந்த மக்களின் கல்யாணச் சடங்குகளைப் பற்றி முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதியிருந்தார். மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டு விடுதலைக்கு, முன்பே தொடங்கி நான்கு வருட உழைப்பு. பல்கலைக்கழக விதிகள் லேசுப்பட்டவையா? இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும். மூன்று படிகள் கட்டித் தர வேண்டும். யாருமே சொல்லாத புதுச் செய்தி ஒன்றாவது இருக்க வேண்டும். ஓரம் ஒரு அங்குலம்தான் என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனைவி கமலவேணி முந்நூறு பக்கத்தையும் மறுபடி தட்டச்சு செய்தாள், பாவம்.

மெய்யம்மை சொல்லிக் கொடுத்த புதுச் செய்தி எண்பத்து நான்காம் பக்கத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள், மாப்பிள்ளையின் தாய்மாமன் தலையில் பலாப்பழம் சுமந்து கிணற்றை மூன்று முறை சுற்றுவார்.

தேர்வாளர் பேராசிரியர் கலியாணசுந்தரத்தின் கடிதம் நேற்று வந்தது. "மலாக்காவைப் பார்த்து இருபத்தைந்து வருடமாயிற்று. ஞாயிறன்று வருகிறேன். எண்பத்து நான்காம் பக்கத்தை யாராவது செய்து காட்டட்டும். வாய்மொழித் தேர்வையும் அங்கேயே முடித்துவிடலாம்."

"ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"நாலு மாசமா 'வேற ஏதாச்சும் இருக்கா, வேற ஏதாச்சும் இருக்கா'ன்னு கேட்டே. இல்லைன்னு சொல்றப்பெல்லாம் உன் மூஞ்சி வாடிப் போச்சு. எனக்குத் தாங்கலை. அன்னைக்குப் பலாப்பழம் அறுத்துக்கிட்டிருந்தேன், வாயில வந்துடுச்சு."

கூட வந்திருந்த கமலவேணி தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை முந்நூறு பக்கம் என்னால ஆகாது. செஞ்சு காட்டிட வேண்டியதுதான்!"

மெய்யம்மையின் தம்பி மருதப்பன் தாய்மாமனாக ஒப்புக்கொண்டான். புக்கிட் ரம்பாயிலிருந்து சைக்கிளில் பழம் வந்தது. முப்பது ராத்தல்.

"அடோய்! எனக்கு இடுப்பு வலி. காலிப் பழம்னா தூக்கறேன்."

சரி, சுளையை எல்லாம் எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் பழம் ஒரு பக்கம் அமுங்கியது. உள்ளே அடைக்கக் கமலவேணி கையில் கிடைத்தது, ஓரம் குறைந்த அந்தப் பழைய தாள்கள். அடைத்து, நூல் போட்டு இறுக்கிக் கட்டினாள். பழத்தின் இனிப்புக்கு எறும்பு வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறன்று வழுக்கைத் தலையும் குடையுமாக வந்து உட்கார்ந்தார் கலியாணசுந்தரம். தெருவே கூடிவிட்டது. மருதப்பன் முதல் சுற்றை மாமன் மாதிரியே கம்பீரமாகச் சுற்றினான். இரண்டாவதில் நெளிந்தான். மூன்றாவதில் ஓட ஆரம்பித்தவன் நிற்கவே இல்லை.

"மூன்று சுற்று என்று எழுதியிருக்கிறீர்கள். இவர் ஏழாவது போகிறாரே?"

"மூன்றுக்குக் குறையாமல்னு அர்த்தம் ஐயா" என்றார் சேதுராமன், வேர்த்துக் கொட்ட.

"எறும்பு! எறும்பு!" என்று அலறி மருதப்பன் பழத்தை வீசினான். அது பிளந்தது. தாள்கள் கிணற்றடி முழுக்கப் பறந்தன.

காலடியில் விழுந்த ஒன்றைக் கலியாணசுந்தரம் எடுத்தார். முகர்ந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து ஓரத்தை அளந்தார்.

"ஒரு அங்குலம்தான் இருக்கிறது."

கமலவேணி அழுதே விட்டாள். சேதுராமனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஐயா, உண்மையைச் சொல்லிடறேன்..."

"வேண்டாம்." பேராசிரியர் கையைக் காட்டினார். "சடங்கில் பலாப்பழம் புதுச் செய்திதான். வேறு எந்த ஆய்வேட்டிலும் இல்லை, எனக்கு நிச்சயமாகத் தெரியும். தேர்ச்சி."

பேனாவைத் திறந்து அங்கேயே கையெழுத்தும் போட்டார். சேதுராமன் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கமலவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி கலக்க ஓடினாள்.

காப்பி குடித்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டிய கலியாணசுந்தரம், மெய்யம்மை பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"என்னக்கா, இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி என் ஆய்வேட்டுக்குப் பூசணிக்காய்னுதானே சொன்னீங்க?"