குறுக்குக் காற்றும் கூரை மூடாத காரும்

நகராட்சி அலுவலகத்தின் ஜன்னல்தோறும் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. எதிரெதிரான இரு ஜன்னல்களை ஒரே நேரத்தில் திறப்பது உயிருக்கு ஆபத்து, மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றது அது. கீழே சுகாதாரப் பிரிவுத் தலைவர் ராதோமானின் கையெழுத்து. உண்மையில் அப்படி ஒன்று தேவையே இல்லை. குறுக்குக் காற்று பட்டால் ஆள் படுத்துவிடுவான் என்பது செர்பியாவின் மொராவா நதிக்கரையில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். பல்வலி, இடுப்புப் பிடிப்பு, தேர்தல் தோல்வி எல்லாம் அதனால் வருபவைதான். ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்ததை முத்திரை வைத்துச் சொல்வதற்குத்தானே அலுவலகம் இருக்கிறது.

அந்த வசந்தத்தில் மேயர் பிளகோயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "துணை மேயர் நாற்காலி காலியா கெடக்கு. பார்த்தாலே துணை மேயர்னு தெரியற ஆளா ஒருத்தன் வேணும்."

ராதோமான் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எனவே கார் வாங்கினார்.

ஜெர்மன் கார். வெள்ளி நிறம், தோல் இருக்கைகள், ஒரு பொத்தானை அழுத்தினால் மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும் இரும்புக் கூரை. வயது மட்டும் கொஞ்சம் ஆகிவிட்டிருந்தது. "ஒரு ஜெர்மன் தாத்தாதான் வச்சிருந்தார். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் எடுப்பார்" என்று தரகன் சத்தியம் செய்தான். செர்பியாவில் ஓடும் பழைய கார்கள் எல்லாம் அந்தத் தாத்தா ஓட்டியவைதான். பிரேக் மிதி தேய்ந்திருந்ததைப் பார்த்தால் அவருடைய சர்ச் போர்ச்சுகலில் இருந்திருக்க வேண்டும்.

முதலில் கியர் போனது. பிறகு பிரேக். இரண்டுக்குமாகச் சேர்த்து மாமனாரின் பிளம் தோட்டம் போனது. செப்டம்பரில் ஒரு நாள் கூரை திறந்தது. திறந்தது திறந்ததுதான்.

மெக்கானிக் திஹோமிர் காரின் பின்புறத்துக்குள் தலையை விட்டு வெகுநேரம் கழித்து வெளியே எடுத்தான்.

"திறக்குதா?" என்று கேட்டான்.

"திறக்குது மாஸ்டர்."

"மூடலையா?"

"மூடலை."

"அப்ப பாதி நல்லாருக்கு. இங்க வர்ற வண்டிங்க பாதிகூடத் தேறாது. பம்ப் செத்துப்போச்சு, புதுசு ஜெர்மனிலேர்ந்து வரணும். உக்காருங்க, விலை சொல்றேன்."

ராதோமான் உட்கார்ந்தார். விலையைக் கேட்டதும் எழுந்திருக்க முடியவில்லை.

"யோவ், நான் காரே அந்த விலைக்குத்தான் வாங்கினேன்!"

"அது வாங்கற விலை. இது வச்சிக்கற விலை."

"கையால இழுத்து மூடினா?"

"ஒடியும். ஒடிஞ்சா கூரையே புதுசு."

"சரி, இந்தச் சிவப்பு விளக்கு ஏன் எரியுது?"

"எரியட்டும். அணைஞ்சா வாங்க."

மனைவி விதோசாவா அன்று பேசியது ஒரே வாக்கியம். "எங்கப்பா தோட்டத்தை வித்து நடுத்தெருவுல தலைக்கு மேல ஓட்டை வாங்கின ஒரே ஆம்பளை நீதான்யா."

அக்டோபர் பனியில் ராதோமான் காதுமூடிய கம்பளித் தொப்பியுடன் அலுவலகம் வந்து இறங்கினார். வாசலில் மேயர் நின்றிருந்தார்.

"என்ன ராதோமான், சுற்றறிக்கை போட்டது நீ. காத்துல குளிக்கறதும் நீயா?"

நாற்காலி ஓர் அங்குலம் நகர்வது ராதோமானுக்குக் கேட்டது. கூரை கெட்டுவிட்டது என்று சொன்னால் அது இன்னும் நகரும். கெட்டுப்போன காரை வைத்திருக்கிறவன் துணை மேயர் மாதிரியா தெரிவான்?

"ஐயா, குறுக்குக் காத்துக்கு ரெண்டு திறப்பு வேணும். ஒண்ணுல நுழைஞ்சு இன்னொண்ணுல போகணும். இதுல இருக்கறது ஒரே திறப்பு. வானம்."

மேயர் வானத்தைப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது.

"ஐரோப்பாவுல இப்படித்தான் செய்யறாங்களா?"

"அங்க இப்பல்லாம் மூடறதே இல்லீங்க."

நகராட்சிக்காரர்களின் கார்களுக்கு இனிக் கூரை கூடாது என்ற திறந்தவானத் தீர்மானம் அடுத்த வாரம் ஒருமனதாக நிறைவேறியது. வரைவு ராதோமான், கையெழுத்து மேயர். முதலில் மேயரின் அரசுக் காருக்குக் கூரை வெட்டினார்கள். வரி வசூல் அதிகாரி காத்திருக்கவில்லை, தன் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் வெட்டி வந்தார். பின்னாலேயே குமாஸ்தாக்கள் வரிசையில் நின்றார்கள். செத்த பம்பை எழுப்பத் தெரியாத திஹோமிருக்கு வெட்டத் தெரிந்திருந்தது. வெட்டிய கூரைகள் ஊர்க் கோழிகளுக்கு வீடாயின. அந்தக் குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே இருந்தவை கோழிகள்தான்.

டிசம்பரில் நகராட்சியின் காவல் புனிதர் நிக்கோலா திருநாள். மேயர் திருநாள் ரொட்டியை ஏந்திக்கொண்டு ராதோமானின் காரில்தான் ஊர்வலம் போவார் என்று அறிவிப்பு வந்தது. துணை மேயர் பெயரையும் அன்றே சொல்வாராம். முந்தின நாள் திஹோமிர் காரைக் கழுவி, ஊமையாகக் கிடந்த ஹாரனையும் சரிசெய்து கொடுத்தான்.

ஊர்வலம் கிளம்பியதும் பனியும் மழையும் கலந்து கொட்ட ஆரம்பித்தது. வழக்கப்படி எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ராதோமானும் அடித்தார். சத்தத்துக்குப் பதிலாகக் காரின் பின்புறம் திறந்தது. கூரை மெல்ல எழுந்தது, விரிந்தது, இருவர் தலைமேலும் வந்து அழகாக மூடிக்கொண்டது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. "ஆஹா" என்றார் மேயர். பிறகு திரும்பிப் பார்த்தார். பின்னால் நனைந்த கோட்டுகளுடன் மொத்த நகராட்சியும் அவரையே பார்த்துக்கொண்டு வந்தது.

"திறய்யா. பாக்கறாங்க."

ராதோமான் பொத்தானை அழுத்தினார். வைப்பர் ஆடியது. வேறொன்றை அழுத்தினார். இருக்கை சுட்டது. திஹோமிர் வெட்டும் இயந்திரத்துடன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான்.

"பம்ப் செத்துப்போச்சுன்னியேடா!" என்று உள்ளேயிருந்து கத்தினார் ராதோமான்.

"செத்ததுதான். எழுந்துருச்சு. இன்னிக்குத் திருநாளாச்சே. என்ன, வெட்டவா?"

மூன்று மாதமாக ராதோமான் ஏங்கிய கூரை அது. பளபளவென்று, ஒரு சொட்டு ஒழுகாமல் நின்றது.

"ஊர் சிரிக்குது ராதோமான்" என்றார் மேயர். "துணை மேயரா இருந்தா இந்நேரம் என்ன சொல்லியிருப்பான்?"

"வெட்டு" என்றார் ராதோமான்.

தீப்பொறி ரொட்டிமேல் விழுந்தது. கூரை போனதும், உதவிக்கு வந்தவர்கள் பூட்டை நெம்பி இருபுறக் கதவுகளையும் திறந்தார்கள்.

மறுநாள் ஊரே காய்ச்சலில் படுத்தது. மேயரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விசாரணைக் குழு அமைந்தது. திறந்த வானத்தால் எவருக்கும் யாதொரு தீங்கும் ஏற்படவில்லை என்று அது கண்டறிந்தது. மீட்புப் பணியின்போது காரின் எதிரெதிர்க் கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டதே நோய்க்குக் காரணம். ஊரார் போர்வைக்குள்ளிருந்து தலையாட்டினார்கள். இதை முன்கூட்டியே எச்சரித்தவர் என்ற முறையில் ராதோமான் துணை மேயரானார். அவருக்கு அரசுக் கார் ஒன்று ஒதுக்கப்பட்டது. அதற்கும் கூரை கிடையாது.

சொந்தக் காரை விற்க விளம்பரம் கொடுத்தார். பக்கத்து ஊர் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யார் ஓட்டினது?"

"ஒரு பெரியவர். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் எடுப்பார்."

"கூரை?"

"இது மூடாத வகை. ஏன், உங்க ஊருக்கு இன்னும் வரலையா?"

வந்தவர் சட்டென்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வராம என்ன? எல்லாம் வந்தாச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க மேயரும் ஒரு துணை மேயரைத் தேடிக்கிட்டிருக்கார்."