முதல் ஓட்டலுக்கே சரி என்றாள்

போன வாரம் ஒரு நாள் காலையில், குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டே நான் ஒரு சபதம் எடுத்தேன். அடுத்த முறை குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போகும்போது எந்த ஓட்டல் என்பதை நான்தான் முடிவு செய்வேன். கண்ணாடியில் தெரிந்த ஆள் நம்பவில்லை. வாயில் நுரையோடு இன்னொரு முறை சொன்னேன். அப்போதும் அவன் முகத்தில் நம்பிக்கை இல்லை.

எங்கள் வீட்டில் ஓட்டலுக்குப் போவதற்கு ஒரு முறை உண்டு. "எங்க போலாம்?" என்று நான் கேட்பேன். "எங்க வேணா போலாம்" என்பாள் என் மனைவி. கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! அதை நம்பி நான் ஒரு ஓட்டலைச் சொன்னால், "அங்கயா?" என்பாள். இரண்டாவதைச் சொன்னால், "வேற?" என்பாள். மூன்றாவதற்கு வாயால் பதில் வராது, ஒரு பார்வை மட்டும் வரும். நாலாவதைச் சொன்னதும், "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று செருப்பை மாட்டிக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து இதில் மாற்றமே இல்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கே இது புரிய இத்தனை வருஷம் ஆனது என்றால் வெட்கமாகத்தான் இருக்கிறது. லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும், கதவு திறக்கும், யாரும் இறங்கமாட்டார்கள். கடைசி மாடிக்குப் போனதும் எல்லாரும் இறங்குவார்கள். அப்படியானால் எனக்கு வேண்டிய ஓட்டலைக் கடைசி மாடியில் வைத்துவிட்டு, கீழே வரிசையாக மட்டமான ஓட்டல்களை வைத்துவிட்டால் முடிந்தது கதை. மேலே வந்து சேர்ந்தது தன் முடிவுதான் என்று அவளும் சந்தோஷப்படுவாள்.

திட்டத்தை நாலைந்து நாள் குளியலறையிலேயே ஒத்திகை பார்த்தேன். எங்கள் தொழிலில் எந்த வேலையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் செய்ய வேண்டும். "மெயின் ஆஃப், கதவைப் பூட்டியாச்சு, கீழே ஆள் இல்லை" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ஸ்பானரையே தொடுவோம். உயிர் போகிற வேலை இல்லையா. அந்தப் பழக்கம்.

எனக்கு வேண்டியது மொட்டைமாடி ஓட்டல். போன மாதம் அந்தக் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே மாட்டிக்கொண்ட ஓட்டல் மேனேஜரை நான்தான் வெளியே எடுத்தேன். மனுஷர் என் கிரீஸ் கையை விடவே இல்லை. "சார், ஒரு நாள் குடும்பத்தோட வாங்க சார். ஓரத்து மேஜை உங்களுக்குத்தான் சார்" என்றார். ஒரே மூச்சில் மூன்று சார்! எங்கள் வீட்டில் மொத்தமாகவே எனக்கு அவ்வளவு சார் கிடைத்ததில்லை. அதை என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்கவேண்டும். ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

நல்ல நாளும் அமைந்தது. நேற்று என் மாமனார் நடிக்கும் நாடகத்தின் முதல் காட்சி. சாப்பிட்டுவிட்டு அரங்கத்துக்குப் போவதாக ஏற்பாடு.

மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறார். நீதிபதி வேஷம். கடைசியில் வந்து உட்கார்ந்து, "இந்தப் பெண்ணை விடுதலை செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். வசனமே அந்த ஒன்றுதான்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் என் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் வேலையில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் "வேலை கிடைச்சுதா?" என்று கேட்டார்கள். அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வண்டியை விட்டுவிட்டு நேராக வந்து என் பக்கத்தில் உட்காருவார். அன்றைக்குப் பஸ்ஸில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லி என்னைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும். அப்படிப்பட்டவர் மேடை ஏறும்போது முதல் கைதட்டு என்னுடையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

என் மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை செய்கிறாள். பல்லைப் பிடுங்க வந்துவிட்டு வாசலிலேயே திரும்பி ஓடப் பார்க்கிறவர்களைப் பேசிப் பேசியே நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாள். அவளைப் போய் நான் பேச்சில் மடக்கக் கிளம்பினேன் பாருங்கள்.

நேற்று சாயங்காலம் அவள் வந்து முகம் கழுவித் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைக் கனைத்தேன்.

"எங்க சாப்பிடலாம்?"

"எங்க வேணா போலாம்."

"அரங்கத்துப் பின்வாசலுக்கு எதிர்ல ஒரு ஓட்டல் இருக்கே, அங்க போலாமா?"

இதுதான் என் தரைத்தளம். நான் சபதம் எடுத்ததற்கு மறுநாள்தான், பக்கத்து வீட்டு அக்காவிடம் போனில் அந்த ஓட்டலைக் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருந்தாள். மேஜை ஆடுகிறதாம், சூப் ஆறிப்போய் வருகிறதாம், எதிரிக்குக்கூட அந்த ஓட்டலைச் சொல்லமாட்டாளாம். தேடப்போன சாமான் காலில் தட்டுப்பட்ட மாதிரி இருந்தது எனக்கு.

"சரி," என்றாள்.

"இல்லன்னா, பாத்திரக் கடை மாடியில ஒரு..."

"என்னது இல்லன்னா? அதான் சரின்னுட்டேனே."

"எதுக்கு சரின்னே?"

"நீங்க சொன்னதுக்கு."

"நான் சொன்னதுக்கா? உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

"ஏங்க, நீங்க ஒரு இடம் சொன்னா நான் வரக்கூடாதா?"

"அங்க மேஜை ஆடுமாமே."

"ஆடட்டும்."

"சூப் ஆறிப்போய்த்தான் வருமாம்."

"ஊதிக் குடிக்கிற வேலை மிச்சம்."

"அதுக்கில்ல. கொஞ்சம் உசரமான இடமா, காத்தோட்டமா..."

"காத்தா? இப்பதான் தலை வாரியிருக்கேன். நீங்களா ஆசைப்பட்டு வாயைத் திறந்து ஒரு ஓட்டல் கேட்டிருக்கீங்க, நான் குறுக்க நிக்கமாட்டேன். கிளம்புங்க."

தரைத்தளத்தில் கதவு திறந்தது, அவள் இறங்கிப் போய்விட்டாள். நான் மட்டும் லிஃப்டுக்குள் நின்றேன்.

போகும்போது ஒரு அட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆடுகிற மேஜையின் காலுக்குக் கீழே முட்டுக் கொடுக்கத்தான். சாப்பாடு போனாலும் தொழில் மானம் போகக்கூடாது.

ஓட்டலுக்குள் நுழைந்தால் மூலையில் நீதிபதி உட்கார்ந்திருக்கிறார். கறுப்பு அங்கி, முகம் நிறையப் பவுடர், அது அங்கியில் கொட்டாமலிருக்கக் கழுத்தில் ஒரு துண்டு. முன்னால் ரொட்டித் தட்டு அப்படியே இருந்தது.

"அட, மாமா!" என்றேன்.

"அப்பா! நீங்களா! இங்கயா இருக்கீங்க!" என்றாள் என் மனைவி. நான் அவளைப் பெண் கேட்டபோதுகூட அவள் அவ்வளவு ஆச்சரியப்படவில்லை. "நீங்க பேசிட்டிருங்க, நான் கை கழுவிட்டு வந்துடறேன்" என்று போனாள். போனவள் போனவள்தான். ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர்கூட அவ்வளவு நேரம் கை கழுவமாட்டார்.

நான் குனிந்து மேஜைக்காலைப் பார்த்தேன். அசைத்தும் பார்த்தேன். ஆடவே இல்லை. ஆனால் மேலே கரண்டி தட்டில் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஆடியது என் மாமனாரின் கை.

"மாமா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. பசியில்ல."

"மாமா."

"உங்களுக்குத் தெரியவேணாம்னு இருந்தேன்." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஒத்திகையில குரலே வரல மாப்பிள்ளை. வாயைத் திறந்தா காத்துதான் வருது. அந்தப் பொண்ணு பாவம் விடுதலை ஆகாம கூண்டுலயே நின்னுட்டிருக்கு. கால் மாத்தி மாத்தி நிக்குது."

"நீங்களா மாமா? பஸ் நிறைய ஜனத்தை வச்சு ஓட்டுனவர் நீங்க!"

"அவங்க எல்லாரும் என் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருந்தாங்க. இப்ப மூஞ்சியைப் பார்த்து உட்காரப் போறாங்க." கரண்டியைக் கீழே வைத்தார். "வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் இப்படி எழுந்து போனால் இனி எங்கேயும் நாலு பேர் எதிரில் வந்து உட்காரமாட்டார், கூடத்து நாற்காலியே கதி என்று ஆகிவிடுவார். ஏதாவது சொல்லவேண்டும். எனக்கோ ஆறுதல் சொல்லத் தெரியாது. "மூச்சை நல்லா இழுத்து விடுங்க மாமா" என்றேன். விட்டார். பவுடர் பறந்து, அப்போதுதான் வந்த என் சூப்பில் விழுந்தது. சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

அந்த எரிச்சலில்தான் உளறிவிட்டேன். "உங்களுக்காவது வசனம் ஒண்ணுதான் மாமா. நான் நாலு ஓட்டல் மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். என்னை ஒண்ணுக்கு மேல சொல்லவிடல உங்க பொண்ணு."

"என்ன ஓட்டல்?"

எல்லாவற்றையும் கொட்டினேன். லிஃப்ட், தரைத்தளம், கடைசி மாடி, மேனேஜர், மூன்று சார். மாமனாரின் உதடு ஓரத்தில் லேசாகத் துடித்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? முதல் ஓட்டலுக்கே சரின்னுட்டா."

"தரைத்தளத்துலயே இறங்கிட்டாளா!"

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. பின்படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே வரவழைக்கும் அந்தப் பழைய டிரைவர் குரல்! மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்து பவுடரில் இரண்டு கோடு விழுந்தது. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். இன்னொரு சுற்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ரொட்டியைச் சாப்பிட்டார், என் சூப்பைக் குடித்தார், என் உருளைக்கிழங்கையும் முடித்தார். அவர் எழுந்து நிற்கவும் என் மனைவி கை கழுவி வரவும் சரியாக இருந்தது.

"என்னப்பா, ஒரே சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா பேசிட்டிருந்தோம்."

நாடகத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. எப்போது நீதிபதி வருவார் என்றுதான் காத்திருந்தேன். வந்தார், உட்கார்ந்தார், எதிரில் நிறைந்திருந்த முகங்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கூண்டில் நின்ற பெண் ஒரு காலை மாற்றினாள். என் மனைவி என் கையை நசுக்கினாள். அவர் கண் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து என் மேல் நின்றது. உதட்டோரம் மறுபடி துடித்தது.

"இந்தப் பெண்ணை விடுதலை செய்கிறேன்!"

கடைசி வரிசை என்ன, வெளியே தெருவுக்கே கேட்டிருக்கும். முதல் கைதட்டு என்னுடையதுதான். அழுதுகொண்டே தட்டினேன்.

வெளியே வந்ததும் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அந்த ஓட்டல்ல மேஜை ஆடவே இல்லையே?"

"எதுக்கு ஆடணும்? நல்ல ஓட்டல் அது. அப்பா ஒத்திகை நாள்லயெல்லாம் அங்கதான் உட்கார்ந்திருப்பார், சாப்பிடாம."

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட போன்ல திட்டினியே?"

"அக்கா அன்னிக்கு ஊர்லயே இல்ல. போன்ல சார்ஜும் இல்ல."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"குளியலறையில அவ்வளவு சத்தமா திட்டம் போட்டா யாருக்குத்தான் கேக்காது?" என்றாள். "முதல்ல மட்டமான ஓட்டல்னீங்க. எது மட்டம்னு நான் எடுத்துக் கொடுத்தேன். அப்பா உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். மாப்பிள்ளை எதிர்ல பயந்த மாதிரி தெரியக்கூடாதாம். நான் கூட்டிட்டு வந்தா கண்டுபிடிச்சுடுவார். நீங்களா வந்து சேரணும்."

"நான் புலம்புவேன், அவர் சிரிப்பார்னு?"

"இத்தனை வருஷத்துல நீங்க அவர்கிட்ட என்னைப் பத்திப் புலம்பாத நாள் உண்டா? அவர் சிரிக்காத நாள் உண்டா?"

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பெரிய மனுஷருக்கு என்னால் திருப்பிச் செய்ய முடிந்த ஒரே உதவியை, எனக்கே தெரியாமல் என் கையால் செய்யவைத்துவிட்டாள். "ரொம்ப நன்றிம்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவளும் என் கையை விடவில்லை. அந்தத் தைரியத்தில், "நாளைக்காவது மொட்டைமாடிக்குப் போலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"நாளைக்கும் நாடகம் இருக்கே. மாசம் முழுக்க இருக்கு. மாப்பிள்ளை எதிர்ல உட்கார்ந்தாதான் சாப்பாடு இறங்கும்னு அப்பா சொல்லிட்டார்."

"அதுக்கென்ன, தினமும் வரேன். ஆனா அதே கதையைச் சொன்னா திரும்பச் சிரிப்பாரா?"

"சிரிக்கமாட்டார். தினம் ஒண்ணு புதுசா ஏமாறணும்."

"தினமுமா? நாளைக்கு நான் எதுல ஏமாறுவேன்?"

"அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு? அதை நான் பாத்துக்கறேன்."