ஜெல்லிமீன் பற்றி மில்லிக்கனில் நடந்த கூட்டம்

மில்லிக்கன்,
ஒக்டோபர் 5

என் அன்புக்கும் பெருமைக்கும் உரிய மகள் அனோஜாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும், அதாவது நான், சுகம். வடதுருவக் கடலில் நீயும் உன் ஜெல்லிமீன்களும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

ஆராய்ச்சிக் கப்பலில் இன்னும் ஆறு மாதம் நிற்கட்டுமா, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தாய். தாராளமாக நில் பிள்ளை. எனக்கு இங்கே மூச்சுவிட நேரமில்லை. போன சனிக்கிழமை முதியோர் சங்கத்தில் உன் ஆராய்ச்சியைப் பற்றி நான் பேசியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அம்மாவின் சேலைகள் இருந்த மட்டைப்பெட்டியைப் பிரித்துக் கடல் வரைந்தேன், அம்மா இருந்திருந்தால் ஏசியிருப்பார். பனிக்கட்டிக்கு அடியில் கண்ணாடி போன்ற சீப்பு ஜெல்லிகள், இருநூறு மீற்றரில் குட்டிக் குடைகள், ஆயிரம் மீற்றருக்குக் கீழே கும்மிருட்டில் சிவப்பு ஜெல்லி. எல்லாம் உறவுக்காரர்தான், ஆனால் மேலே இருப்பவர் கீழே வரமாட்டார், கீழே இருப்பவர் மேலே போகமாட்டார் என்று நான் விளக்க, "எங்கட கொண்டோ மாடிக் கட்டிடத்திலயும் உப்பிடித்தான் அண்ணை. லிப்ற் இருந்தும் ஒருத்தரும் ஒருத்தரிட்டையும் போறேல்லை" என்றார் நீக்கிலாஸ். விநாயகமூர்த்தி சும்மா இருப்பாரா? "எங்கட கடல்ல உது வலையில வந்தா வழிச்செல்லோ எறியிறது! உதுக்கோ பிள்ளையைப் படிப்பிச்சனீர்?" என்றார். அவருடைய மகன் படித்துவிட்டு வீட்டுத் தரகராக இருப்பதைப் பற்றி நான் இதுவரை ஒரு சொல் சொல்லியிருக்கிறேனா? அன்றைக்குச் சொன்னேன். அதற்குள் யோகராணி எழும்பி, "அண்ணை, உதைக் குழம்பு வைக்கிறதோ, பொரிக்கிறதோ?" என்று கேட்டார். அது தொண்ணூற்றைந்து வீதம் தண்ணீர், சட்டியில் போட்டால் சட்டிதான் மிஞ்சும் என்றேன். கைதட்டல் அடங்கப் பத்து நிமிடமாயிற்று. அடுத்த சனியும் பேசச் சொல்கிறார்கள், அதற்கடுத்த சனியும். ஆகவே என்னைப் பற்றி யோசிக்காதே.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீருக்கு மேலேயும் கீழேயும் முருகன் உனக்குத் துணை நிற்பான்.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
செல்வரட்ணம்

பி.கு.: விநாயகமூர்த்தி ஜூன் மாதமே மகனோடு கல்கரிக்குப் போய்விட்டார். சங்கமும் அதோடு மூடியாயிற்று. படத்தைக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டு நான்தான் பேசினேன், யோகராணியின் கேள்வியையும் நான்தான் கேட்டேன். ஆறு மாதம் என்னால் முடியாது பிள்ளை. வந்துவிடு.