பேதுருவை மறித்த கேபிள் அண்ணை

இயேசுநாதர் சிலுவையில் ஏறுவதைப் பத்து நாள் பிந்த வைத்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கேபிள் அண்ணை.

தெல்லிப்பழைப் பக்கம் எங்கள் ஒழுங்கைகளுக்கெல்லாம் டிவி வயர் இழுத்துக் கொடுப்பவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான். படம் வரவில்லை என்று போன் எடுத்தால், "நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்பதுதான் முதற்கேள்வி. வயரில் சீலை காயப்போட்ட குற்றத்துக்காக ஒரு வீட்டாரின் இணைப்பை, கிரிக்கெட் இறுதியாட்டம் முடியுமட்டும் கழற்றி வைத்தார். ஏணியில் நின்று ஊருக்கே அதை அறிவித்தும் விட்டார்.

போன வருஷம் தன்னுடைய சொந்தச் சனலில், இயேசுவும் சீடர்களும் வருகிற ஒரு தொடரைத் தமிழ்க் குரலோடு போடத் தொடங்கினார். தினமும் பின்னேரம் ஆறரைக்கு. நாங்கள் சைவக்காரர்தான், ஆனால் நாடகம் என்றால் எங்களுக்கு எந்தச் சாமியும் சம்மதம். வெள்ளிக்கிழமை விரதம் தவறாத பக்கத்து வீட்டு மீனா அக்கா, காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசை முதல் நாளே கண்டுபிடித்து, "உவன்ரை முழி சரியில்லை" என்றார். கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போன அன்றும் ஆறரைக்கு முன் ஓடி வந்துவிட்டார்.

வந்தது வினை. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவருடைய சீடர் பேதுரு பின்னாலேயே போய் முற்றத்தில் நெருப்புக் காய்கிறார். நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று ஒருத்தி கேட்கிறாள். பேதுரு வாயைத் திறக்கிறார். படம் நின்றுவிட்டது.

மறுநாளும் அதே பகுதி, அதே இடத்தில் இருட்டு. பத்து நாளும் இயேசுவைப் பிடித்துக் கட்டினார்கள், அதற்கப்பால் ஓர் அடி நகரவில்லை. மீனா அக்கா போனில் வாய்க்கு வந்தபடி ஏசினார். வயரில் பிழை என்று கேபிள் அண்ணை சாதித்தார். எனக்கும் மூக்குக்கு மேலே கோபம் வந்தது. பதினோராம் நாள் நேரே அவர் சனலை ஓட்டுகிற ஓலைக் கொட்டிலுக்கே போய்விட்டேன்.

கணினிக்கு முன்னால் இருந்தார். நெருப்பு, அந்தப் பெண், கேள்வி. நான் பார்த்துக்கொண்டு நிற்க, கையை நீட்டிப் படத்தை நிறுத்தினார்.

"என்னண்ணை, ஊரோடை விளையாடுறியளோ?"

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"இவன் மூண்டு தரம் தெரியாதெண்டு சொல்லுவான். பிறகு அவர் திரும்பி இவனைப் பாப்பார். அதைப் போடேலாமல் கிடக்கு."

பிறகு சொன்னார். யுத்த காலத்தில், அவருக்கு இருபது வயதிருக்கும்போது ஒரு சுற்றிவளைப்பு. துவக்கோடு வந்தவர்கள் ஊரையே வெளியில் இருத்தினார்கள். தம்பியை எழுப்பி, இவருக்கு முன்னால் நிறுத்தி, இவனைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றால் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அம்மாவுக்கு ஒரு பிள்ளையாவது மிஞ்ச வேண்டும். தெரியாது என்றார். மூன்று தரம் கேட்டார்கள், மூன்று தரமும் அதையே சொன்னார். தம்பி இவரைத் திரும்பிப் பார்த்தபடியே வாகனத்தில் ஏறினான். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. அம்மா சாகுமட்டும் தேடினார். அம்மாவிடம் இவர் இதைச் சொல்லவேயில்லை.

சண்டை பிடிக்க வந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு வருவதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், கதை தெரியும். ஓட விடுங்கள், நானும் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். விட்டார். பேதுருவை இயேசு திரும்பிப் பார்த்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கிழமை முழுக்க நான் அந்தக் கொட்டிலில்தான். சிலுவையில் அறைந்த அன்று மீனா அக்கா அழுத சத்தம் அங்கேயே கேட்டது. கடைசிப் பகுதியில், உயிர்த்தெழுந்த இயேசு கரையில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு பேதுருவைக் கூப்பிட்டார். என்னில் உனக்கு அன்பு இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

"ஏன் தெரியாதெண்டு சொன்னனி எண்டு அவர் கேக்கேல்லை, என்ன?" என்றார் அண்ணை.

"இல்லையண்ணை. கேக்கவேயில்லை."

"என்ரை தம்பி கேப்பானோ?"

எத்தனையோ தரம் நான் ஏசித் தீர்த்த அந்த மனுசனின் கையைப் பிடித்துக்கொண்டு, விளம்பரங்கள் ஓடி முடியுமட்டும் அப்படியே இருந்தேன்.